ரபேல் வீட்டுத் தொப்பிக்காரர்

சுவர் காட்டிகள் என்றொரு இனம் உண்டு. அவர்கள் வீட்டுக்குப் போனால் உட்காரச் சொல்லமாட்டார்கள், தண்ணீர் கொடுக்கமாட்டார்கள், நீங்கள் செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் முழங்கையைப் பிடித்து ஒரு படத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அதைப் பற்றி நீங்களாகவே கேட்கும்வரை தொண்டையைச் செருமிக்கொண்டு நிற்பார்கள். கேட்காமல் தப்பிக்க முடியுமா? முடியாது.

செந்தூலில் ஒரு கொண்டோமினியத்தின் பதினாலாவது மாடியில் குடியிருக்கும் ரபேல் இந்த இனத்தில் முதல் தரம். அவர் சுவரில் இருப்பது ஸ்பெயினின் வடக்கு ஓரத்துப் பாஸ்க் வட்டார ஓவியம். இணையத்தில் வரவழைத்துச் சட்டம் போட்ட அச்சுப் பிரதி. சாம்பல் நிறக் கடல், சிவப்புச் சன்னல் வீடுகள், தூறல், எல்லாவற்றுக்கும் முன்னால் வட்டக் கறுப்புத் தொப்பி போட்ட ஒரு மீன்காரக் கிழவர், கைத்தடிமேல் இரண்டு கையையும் ஊன்றியபடி. "ஸ்பெயின் படமா அங்கிள்?" என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. "ஸ்பெயின்னு சொல்லாதீங்க லா. பாஸ்க். அந்த மழையைப் பாருங்க. நம்ம ஊரு மழையா அது?" ரபேல் உள்நாட்டுத் தீவான லங்காவியைத் தாண்டிப் போனதில்லை.

வந்தவர்கள் மழையைப் பார்ப்பார்கள். இரண்டு வினாடி. பிறகு பேச்சு, சட்டம் போட்ட கடைக்கும் ஏர்கோன் பிராண்டுக்கும் நழுவிவிடும். யாராவது ஒருவர் அந்தப் படத்தின் முன்னால் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நிற்கமாட்டாரா என்பது ரபேலின் ஏக்கம். சிரிக்காதீர்கள், மனிதருக்கு உண்மையிலேயே வலித்தது.

அந்த ஆணியில் முன்பு தொங்கியது திரு இருதய ஆண்டவர் படம். மனைவி ரோசலின் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த பிறந்த வீட்டிலிருந்து கல்யாணத்தோடு கொண்டுவந்தது. "புனித சவேரியாரே பாஸ்க்காரர்தானே" என்ற ஒரே வாதத்தில் ரபேல் ஆண்டவரை உள்ளறையில் பிரிண்டருக்கு மேலே குடியேற்றிவிட்டார். ரோசலின் எதிர்த்துப் பேசவில்லை. ஒரு மாதம் கறியில் உப்பு தூக்கலாக இருந்தது, அவ்வளவுதான்.

அக்டோபரில், வீடு வீடாகச் சுற்றும் ஜெபமாலைக் கூட்டம் அவர்கள் வீட்டுக்கு வந்தது. இருபது பேர் பீடத்தைக் கண்ணால் துழாவி, காணாமல், வாசலுக்கு நேரே இருந்த படத்தைப் பார்த்து வரிசையாக முழந்தாளிட்டார்கள். முன்வரிசையிலிருந்து, கூட்டத்தில் மூத்தவரான பெர்னிஸ் ஆன்டி திரும்பினார்.

"இது எந்த ஊரு புனிதர் தம்பி?"

"பாஸ்க், ஆன்டி."

"சவேரியார் ஊரா?"

"ஆமா."

இதில் ஒரு பொய்யாவது உண்டா? இல்லை. ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் விரலில் உருண்டு முடியும்வரை இருபது பேரும் அசையாமல் அந்தக் கிழவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரபேலுக்குப் புல்லரித்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை பெர்னிஸ் ஆன்டி மெழுகுவர்த்தியோடும் கேசரியோடும் வந்தார், கூடவே ஒன்பது பேர். மகன் கேவினுக்கு எட்டு மாதமாகக் கிடைக்காத வேலை, தொப்பிக்காரரிடம் வேண்டிக்கொண்ட நாலாம் நாளே கிடைத்துவிட்டதாம். "நன்றிப் பூசைக்கு ஃபாதர்கிட்ட எழுதிக் கொடுக்கணும். இவரு பேரு மட்டும் சொல்லுங்க தம்பி."

ரோசலின் அடுக்களை வாசலில் நின்று ரபேலைப் பார்த்தார், அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால் பத்துப் பேரும் லிஃப்ட் ஏறிவிடுவார்கள், இனி ஒருவரும் அந்தப் படத்தை அப்படிப் பார்க்கமாட்டார்கள். சொல்லாவிட்டால், இல்லாத ஒரு புனிதருக்கு ஃபாதர் பூசை வைப்பார். கடைசியில் ரபேல் சொல்லிவிட்டார்.

"புனிதர் இல்ல ஆன்டி. சும்மா ஒரு மீன்காரர். வெறும் படம்."

பெர்னிஸ் ஆன்டி கிழவரை மறுபடி நிதானமாகப் பார்த்தார். "அதனால என்ன தம்பி? ஆண்டவரோட சீடர் இராயப்பரும் மீன்காரர்தானே," என்று மெழுகுவர்த்தியைப் பற்றவைத்தார்.

அன்று மாலையே ரோசலின் பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்து, பிரிண்டர் மேலிருந்த ஆண்டவரை அழைத்து வந்துவிட்டார். இப்போதெல்லாம் புதிதாக வருகிறவர்களின் முழங்கையைப் பிடித்து நிறுத்துவது பெர்னிஸ் ஆன்டிதான். "அந்த மழையைப் பாருங்க. நம்ம ஊரு மழையா அது?" பின்னால் ரபேல் சிரப் தண்ணீர்த் தட்டோடு நிற்கிறார். "பாஸ்க்..." என்று ஆரம்பித்தால், "சத்தம் போடாதீங்க தம்பி" என்கிறார் ஆன்டி.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. உங்கள் வீட்டு வாசலுக்கு நேரே என்ன தொங்குகிறது என்று நான் கேட்கப்போவதில்லை. வந்தால் நீங்களே சொல்லத்தான் போகிறீர்கள். தண்ணீரை மட்டும் முதலில் கொடுத்துவிடுங்கள்.