துவான், இது பிரேஸ்தான்

செய்யாத குற்றத்தைப் போலீஸிடம் ஒப்புக்கொண்டவன் நான். யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் சிரித்த முகத்தோடு பதில் சொல்லி, கேட்காததையும் சேர்த்துச் சொல்லி, கடைசியில் கையையும் நானாகவே நீட்டினேன் (விலங்குக்காக அல்ல, கைகுலுக்க).

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் மும்முரமாக இருந்த நேரம். கோலா பிலாவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் சின்னக் கிராணி. ஆபீஸில் இரண்டாவது குமாஸ்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கிருந்த சொத்து ஒரு பழைய இங்கிலீஷ் கார், ஒரு கறுப்புக் கண்ணாடி, தேவைக்கு மேல் தைரியம். அடுத்த தோட்டத்துப் பெரிய கிராணி சிதம்பரத்தின் மகள் கமலத்தைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். கமலத்துக்கு மறுப்பில்லை என்று காற்றுவாக்கில் சேதி வந்திருந்தது. மறுப்பெல்லாம் அவள் அப்பாவுக்குத்தான். காரணம் என் கார்.

அதில் ஒருமுறை அவரை சிரம்பானுக்கு ஏற்றிப் போனேன். வழியில் புக்கிட் புத்துஸ் மலைச்சாலை, வளைவுக்கு மேல் வளைவு. ஒவ்வொன்றிலும் கார் கரகம் ஆடியது. ஒரு திருப்பத்தில் பின்கதவு தானாகவே திறந்துகொண்டது. பெரியவர் இறங்கி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். வண்டியையே நேராக ஓட்ட முடியாதவன் குடும்பத்தை எப்படி ஓட்டுவான் என்று வீட்டில் கேட்டாராம். எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் ஆலையில் மாணிக்கம் என்று ஒரு ஃபிட்டர். ரப்பர் உருளை முதல் துரை வீட்டு மின்விசிறி வரை அவர் கை படாத இயந்திரம் கிடையாது. அவர் காருக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு, நோய் சக்கரத்தில் இல்லை, எலும்புக்கூட்டில் என்றார். வளைவில் திரும்பும்போது சட்டம் முறுக்கிக்கொள்கிறதாம். இடதையும் வலதையும் ஒரு இரும்பால் இறுக்கிப் பிணைத்துவிட்டால் வண்டி அடங்கிவிடுமாம்.

"இதுக்குப் பேரு பிரேஸ், தம்பி. வெள்ளக்காரன் ரேஸ் வண்டிக்கே போடுறான் லா. நமக்கு ரெண்டு பைப் போதும்."

அந்த வார்த்தை எனக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது. பிரேஸ். இரண்டு நாள் எல்லாரிடமும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன் (எங்கள் தோட்டத்து வாயில் அது 'பெரேஸ்' என்றுதான் வரும். இந்த விவரம் முக்கியம்).

கழித்துப் போட்ட தண்ணீர்க் குழாயில் இரண்டு துண்டு வெட்டினோம். நுனிகளைச் சம்மட்டியால் தட்டையாக்கி, துளை போட்டு, முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் முடுக்கினோம். இரும்பு இனாம், கூலி ஒரு நாட்டுக்கோழி. இவ்வளவு மலிவாக யாரும் மாப்பிள்ளை ஆகியிருக்க மாட்டார்கள் என்று மனசுக்குள் குதித்தேன். ஒரேயொரு தப்பு செய்தோம். முடுக்கும்போது காரின் ஒரு மூலை ஜாக்கியில் தூக்கி நின்றது. கோணிக்கொண்டு நின்ற வண்டியைக் கோணல் மாறாமலே கட்டிப்போட்டுவிட்டோம். கீழே இறக்கிய பிறகு, கதவு இப்போது தானாகத் திறப்பதில்லை என்று கண்டு இருவரும் மகிழ்ந்தோம். யாராவது இழுத்தாலாவது திறக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

சிரம்பானில் பெரிய கிராணிக்குச் சொந்தத்தில் ஒரு கல்யாணம். கெஞ்சிக் கூத்தாடி, என் காரில் வரச் சம்மதிக்க வைத்தேன். இன்றைக்கு வண்டி ஆடினால் பெண் பேச்சே வேண்டாம் என்று அவர் ஆள் விட்டுச் சொல்லியிருந்தார். காலையில் அவர்கள் வாசலில் போய் நின்றபோது கதவுகள் கொஞ்சம் முரண்டு பிடித்தன. தோளைக் கொடுத்து இழுத்துத் திறந்தேன். அவர் முன்னாலும், மனைவியும் கமலமும் பின்னாலும் ஏறினார்கள். வெளியிலிருந்து உதைத்துச் சாத்தினேன். என் பக்கத்துக் கதவு மட்டும் ஒழுங்காக இருந்தது.

புக்கிட் புத்துஸில் கார் போன போக்கை என்னவென்று சொல்வேன்! ஸ்டியரிங்கைத் திருப்பிய இடத்துக்குத் திரும்பியது. கமலம் தலையில் வைத்திருந்த பூகூட அசையவில்லை. பெரியவர் வெற்றிலையை மென்றபடி, "பரவால்லியே" என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து அது பாரத ரத்னாவுக்குச் சமம். கல்யாணத்துக்கு நாள் குறிக்கிற வரைக்கும் நான் கற்பனையில் போய்விட்டேன்.

மலையிறங்கியதும் சாலையை மறித்துப் போலீஸ் ரோட் பிளாக். தோட்டத்து அரிசி காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குப் போகிறதென்று அப்போது கடுமையான சோதனை. சைக்கிள் சட்டத்துக் குழாய்க்குள் அரிசி கொட்டிக் கொண்டு போனவனெல்லாம் பிடிபட்டிருந்தான். ஒரு பிடி அரிசிக்கும் ஜெயில் உண்டு.

அங்கிருந்த போலீஸ் கோப்பரல் எல்லாரையும் இறங்கச் சொன்னார். நான் இறங்கிவிட்டேன். மற்றவர்கள் இறங்கவில்லை. எப்படி இறங்குவார்கள், மூன்று கதவும் அசையவே இல்லை. போலீஸ் சொல்லியும் இறங்காமல் உட்கார்ந்திருக்கிற குடும்பத்தைப் பார்த்து நாலு துப்பாக்கி நிமிர்ந்தது. பெரிய கிராணி பதறிப்போய் ஜன்னல் வழியாக வெளியேறப் பார்த்தார். தலை வந்தது, தோள் வந்தது, தொப்பை வரவில்லை. பாதி மனிதர் வெளியே, பாதி உள்ளே.

அதற்குள் கோப்பரல் குனிந்து அடியில் பார்த்துவிட்டார். இரண்டு முனையும் நசுக்கி மூடிய புத்தம்புது வேலைப்பாடு. இது என்னவென்று மலாயில் கேட்டார்.

கேட்டது மலாயில்தான். பிறந்ததிலிருந்து நான் பேசுகிற பாஷை. ஆனால் என் கண்டுபிடிப்பை ஒருவர் மதித்து விசாரிக்கிறாரே என்ற பூரிப்பில் எனக்கு இங்கிலீஷ்தான் வாயில் வந்தது. ஐயா என்கிற 'துவான்' மட்டும் மலாய்.

"பெரேஸ், துவான்."

"பெராஸ்?" என்றார் அவர். மலாயில் பெராஸ் என்றால் அரிசி.

"ஆமாம் துவான், பெரேஸ்தான்."

எத்தனை என்று கேட்டார். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்றேன். யார் போட்டது என்றார். நானும் மாணிக்கமும் என்று அந்தப் பாவியையும் இழுத்துவிட்டேன். எதற்கு என்றார். மலைப்பாதையில் பிரயோசனப்படும் என்றேன். அதோடு நிறுத்தினேனா? செலவே இல்லை, எங்கள் தோட்டத்தில் எல்லாருக்கும் செய்து தரப்போகிறோம், உங்கள் ஜீப்புக்கும் வேண்டுமானால் போட்டுத் தருகிறேன் என்று சொல்லி, கைகுலுக்கக் கையை நீட்டினேன். அதில் விலங்கு விழுந்தது.

அப்போதும் எனக்குப் புரியவில்லை. ஜன்னலில் தொங்கிய பெரியவருக்குப் புரிந்துவிட்டது. "ஐயோ, அரிசிங்கிறானே, குடும்பத்தோட உள்ள போறோமே" என்று முனகினார். எனக்கு மலாய், தமிழ், இங்கிலீஷ் மூன்றும் ஒரே நேரத்தில் மறந்துபோயின.

பின் ஜன்னலிலிருந்து கமலம்தான் நிதானமாகச் சொன்னாள்.

"துவான், பெராஸ் இல்ல. பெசி."

பெசி என்றால் இரும்பு. கோப்பரல் நம்பவில்லை. ரம்பம் வரவழைத்தார். ஒரு கான்ஸ்டபிள் அடியில் படுத்து அரை மணி நேரம் அறுத்தார். முதல் குழாயில் துரு கொட்டியது. இரண்டாவதிலும் துரு கொட்டியது. அது துண்டான நொடியில் வண்டியின் முறுக்கு விட்டு, முன்கதவு டக்கென்று திறந்தது. ஜன்னலில் மாட்டியிருந்த பெரிய கிராணியும் கதவோடு சேர்ந்து ஒரு சுற்றுச் சுற்றி வெளியே வந்தார். சிரிப்பை அடக்க கோப்பரல் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். விலங்கைக் கழற்றிவிட்டு, இனிமேல் மலாய் பேசு என்று அனுப்பிவைத்தார்.

தாலி கட்டி முடிந்து, பந்தியும் பாதி எழுந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். மிச்ச வழியெல்லாம் கார் பழையபடி ஆடியது. என் கல்யாணம் அந்தக் குழாய்களோடு சேர்ந்து அறுந்துபோனது என்று நினைத்து, கைகழுவுகிற இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன். பெரியவர் பக்கத்தில் வந்தார். என்னிடம் பேசவில்லை, மனைவியிடம் பேசினார்.

"இவனுக்குப் பொய் சொல்ற சாமர்த்தியம் சுத்தமா கெடையாது. நம்ம புள்ளைய ஏமாத்தணும்னாகூட அவகிட்டயே யோசன கேப்பான். தை மாசம் வச்சிரலாம்."

பணம் செலவழிக்காமல் கம்பி போட்டால் கார் நன்றாக ஓடுமா என்று இன்றைக்கும் ஆட்கள் கேட்கிறார்கள். சத்தியமாக ஓடும். நாலு சக்கரமும் தரையில் இருக்கும்போது முடுக்குங்கள், குழாய் வேண்டாம். எங்கள் வீட்டில் மட்டும் அரிசிக்கு இன்றுவரை பிரேஸ் என்றுதான் பெயர். மாமனார் இருந்தவரை எந்தப் பந்தியிலும், மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு கரண்டி பிரேஸ் போடுங்கள் என்று சத்தமாகச் சொல்லாமல் விட்டதில்லை.

கல்யாணம் முடிந்த மறுவாரம் கமலத்திடம் ஒன்று கேட்டேன். முதல் தடவை நான் பெரேஸ் என்றபோதே உனக்குப் புரிந்துவிட்டதே, விலங்கு மாட்டுகிற வரைக்கும் ஏன் வாயைத் திறக்கவில்லை?

"நீங்க எவ்வளவு தூரம் போவீங்கன்னு பாத்தேன்" என்றாள்.

இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.