ரப்பர் வாசனைக்கு ஊற்றிய பீர்

என் வண்டியின் ஸ்டியரிங்கை என் மனைவியிடமிருந்து மீட்டே தீருவது என்று சபதம் எடுத்தேன். எடுத்த இடம் சமையலறை. கையில் பாதி உரித்த வெங்காயம். கண்ணில் தண்ணீர். எல்லாம் வெங்காயத்தால் வந்ததல்ல.

எல் ஆல்ட்டோ மேட்டிலிருந்து கீழே லா பாஸ் நகரத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் அது. தலை நரைக்கும்வரை நான்தான் ஓட்டினேன். போன மழைக்காலத்தில் முழங்கால் பிசகியது. "நீ தேறுற வரைக்கும் நான் ஓட்டறேன்" என்றாள் நிக்கொலாசா. நான் தேறிவிட்டேன். அவள் இறங்கவில்லை. பகலெல்லாம் வண்டியை ஓட்டுகிறாள். வீட்டுக்கு வந்து என்னை ஓட்டுகிறாள். "நிக்கொலாசா அக்கா வண்டிதான் வேணும்" என்று ஜனங்கள் காத்திருந்து ஏறுகிறார்கள். இலாரியோன் என்று நான் ஒருத்தன் இருந்தேன் என்பதே அவர்களுக்கு மறந்துவிட்டது. உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்குக் கசக்கிறது.

ஆகவே ஒரு காரியம் செய்தேன். பழைய டியூபில் ஒரு துண்டை வெட்டி, வண்டிக்கு அடியில் படுத்து, சைலன்சர் குழாயில் கம்பி போட்டுக் கட்டினேன். குழாய் சுட்டால் ரப்பர் கருகும். கருகினால் நாறும். நாறினால் பழி அவள் காலுக்கு: கிளட்சை மிதித்தே எரிக்கிறாள் என்று. அவளால் கண்டுபிடிக்கவும் முடியாது. எங்கள் பெண்கள் உடுத்துவது அடுக்கடுக்காக ஐந்து பாவாடை. அத்தனையையும் சுருட்டிக்கொண்டு எவள் வண்டிக்கு அடியில் நுழைவாள்?

அடுத்த வெள்ளிக்கிழமை மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள்.

"யோவ், வண்டியில ரப்பர் கருகற வாசனை."

"கிளட்ச்."

"மோந்து பாக்காமலே சொல்ற?"

"அனுபவம்டி. மேடேறும்போது கிளட்ச் மேலயே காலை வச்சிருந்தா எரியாம என்ன செய்யும்?"

"கிளட்ச் எரிஞ்சா மேட்டுல வண்டி இழுக்காது. இது மலையேறுற லாமா மிருகம் மாதிரி ஏறுது."

பானெட்டைத் திறந்தாள். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"பெல்ட் வழுக்கினா கீச்சுனு கத்தும். இது வாயே தொறக்கல."

"எல்லாரும் உன்னை மாதிரியா?"

அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் நாலு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தாள். "பிரேக் பிடிச்சுக்கிட்டே இருந்தா சக்கரம் சுடும். நாலும் சில்லுனு இருக்கு."

"ஹீட் மீட்டர் பாத்தியா?"

"நான் எப்படிப் பாக்கறது? முன்சீட்டுல வந்த ரொட்டிக்காரம்மா பாத்துச் சொன்னா. முள்ளு நடுவுலதான் நிக்குதாம்."

இதுவும் நடப்பதுதான். வண்டி கப்பலில் வந்தபோது ஸ்டியரிங் வலப்பக்கம் இருந்தது. அதை எங்கள் ஊர் வழக்கப்படி இடப்பக்கம் மாற்றிக் கொடுத்த புண்ணியவான் மீட்டர்களை வலப்பக்கமே விட்டுவிட்டான். முன்சீட்டுப் பயணி பார்த்துச் சொன்னால்தான் உண்டு.

"அப்ப மிச்சம் கிளட்ச்தான்" என்றேன்.

நிக்கொலாசா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எரியற வாசனை வண்டியிலருந்து வருதா, இல்ல உன் வயித்துலருந்து வருதா?"

அவளே இறங்கி வந்தாள். "சரி விடு. வண்டிக்குப் பசி போல இருக்கு. இன்னிக்கு வெள்ளிதானே, பாச்சமாமாவுக்கு ஊத்திடுவோம்."

பாச்சமாமா யாருக்கும் மாமா இல்லை, எங்கள் பூமித்தாய். வண்டிக்கு நோவு என்றால் சக்கரத்தடியில் அவளுக்குக் கொஞ்சம் பீர் ஊற்றுவோம். அவளுக்கு ஊற்றிய அளவு நாமும் குடிக்க வேண்டும். மறுத்தால் அவளுக்கு அவமானம்.

"நான் வண்டி எடுக்கணும், குடிக்கக் கூடாது. வீட்டு ஆம்பள நீதான் செய்யணும்" என்றாள். வீட்டு ஆம்பள! எத்தனை நாளாயிற்று இந்த வார்த்தையைக் கேட்டு. பக்கத்து வீட்டு செனோனையும் சாட்சிக்குக் கூப்பிட்டாள்.

முன் சக்கரத்துக்கு ஊற்றினேன், குடித்தேன். பின் சக்கரத்துக்கு ஊற்றினேன், குடித்தேன். நாலு சக்கரமும் முடிந்தபோது எனக்கு எட்டாகத் தெரிந்தது.

"யாரால இந்த வாசனை வந்துச்சோ, அவங்க இனி ஸ்டியரிங்கத் தொடக்கூடாது. அப்படிச் சொல்லி ஊத்து" என்றாள்.

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறாளே! எனக்கு உள்ளுக்குள் குதூகலம். தெருவுக்கே கேட்கும்படி சத்தியம் செய்து ஊற்றினேன். குடித்தேன். பானெட்டுக்கு ஒன்று. பின்கதவுக்கு ஒன்று.

"அவ்வளவுதானா?" என்றாள் மெதுவாக. "பசிச்ச எடம் எதையாச்சும் விட்டுட்டா பூமித்தாய் கோவிச்சுக்குவா."

பக்தியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. "இருக்குடி! சைலன்சர் குழாய் இருக்கு! பாவம், ரப்பர் அங்கதான் கருகிக் கெடக்கு. நானே கட்டினேன், நானே ஊத்தறேன்!" என்று சொல்லிக்கொண்டே படுத்து அடியில் நுழைந்தேன்.

செனோனின் காலணிகள் மட்டும் தெரிந்தன. பிறகு அவை குலுங்க ஆரம்பித்தன.

"செனோன் அண்ணே, சத்தியத்தக் கேட்டீங்கல்ல?"

"தெருவே கேட்டுச்சும்மா."

போதை இறங்கிவிட்டது. பாச்சமாமாவுக்குச் செய்த சத்தியத்தை மீறி வண்டியெடுத்தால் இந்த மலைச்சரிவில் ஒருத்தர்கூட ஏற மாட்டார்கள். எனக்கே துணிச்சல் கிடையாது. அந்த ஸ்டியரிங்கின் ஒவ்வொரு தேய்மானமும் என் உள்ளங்கை போட்டது. இனி சாகும்வரை எனக்கு இல்லை. வெளியே வர மனமில்லாமல் அங்கேயே கிடந்தேன்.

மறுநாள் காலை வாசலில் ஹாரன் அடித்தது. "வாய்யா, வந்து ஏறு" என்றாள். குரலில் கனிவு இருந்தது. மனசு இளகிவிட்டது என்று ஓடினேன். முன்சீட்டில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். எல்லா சீட்டிலும் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் எங்க உக்கார்றது?"

"ஸ்டியரிங்கத்தானே தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணின? கதவத் தொடலாம். தொத்திக்கிட்டு நின்னு, 'பெரேஸ் ஸ்டாப், பிராதோ ஸ்டாப், வாங்க வாங்க'ன்னு கத்தி ஆள் ஏத்து."