பெட்டிக்காரரும் ரைஸ்மில் தாளமும்

உத்திரமேரூர் வட்டாரத்திலேயே சினிமாப் பாட்டை அச்சு அசலாக வாசித்தவர் எங்கள் பெட்டிக்காரர் ஒருவர்தான். பெட்டி என்றால் ஆர்மோனியம். அவர் பாட்டுக் கற்ற இசைத்தட்டில் ஒரு கீறல் இருந்தது. முள் அங்கே மாட்டி ஒரே வரி மூன்று முறை ஓடும். மேடையிலும் அவர் அந்த வரியை மூன்று முறை வாசிப்பார். கேட்டால், "தட்டுல எப்டி கீதோ அப்டித்தான்!"

அவருடைய மெல்லிசைக் குழு பதினைந்து வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. பி.யூ.சி. முடித்த கையோடு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு நான் அதில் போய் விழுந்தேன். மூன்றாம் மாதமே வாய் சும்மா இருக்கவில்லை.

"நாமளே சொந்தமா ஒரு பாட்டு போடலாம் நைனா."

வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கினார். "இன்னாடா, சினிமாவுல பாட்டு தீந்துபோச்சா?"

பாங்கோஸ் வாசித்துக்கொண்டே பாடும் தாசு மட்டும் என் கட்சி. ஒரு வாரம் குழுவே இரண்டாகக் கிடந்தது. கடைசியில் பெட்டிக்காரர் தீர்ப்புச் சொன்னார். சாலவாக்கம் திருவிழாவில் புதுப்பாட்டு ஒரே ஒரு முறை. அவர் பெட்டியில் ஒரு கட்டையைக்கூடத் தொடமாட்டார். நடுவில் கூட்டத்திலிருந்து சீட்டு வந்தால் பாட்டு நிற்கும், நான் குழுவை விட்டுக் கிளம்ப வேண்டும்.

சீட்டு அவருக்குக் கோர்ட்டு உத்தரவு மாதிரி. இன்ன பாட்டு வேண்டும் என்று யாராவது எழுதி அனுப்பினால், ஓடுகிற பாட்டைப் பாதியில் அறுத்துவிட்டுத் தாவுவார். 'சைக்கிளை எடுத்தவர் கொண்டுவந்து வைக்கவும்' என்று வந்த சீட்டையே ஒருமுறை ராகம் போட்டுப் பாடியவர்.

ரைஸ்மில்லை ஒட்டிய ஷெட்டில் பன்னிரண்டு நாள் ஒத்திகை. பெட்டிக்காரர் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு நெல் மூட்டைமேல் உட்கார்ந்திருப்பார்.

"பஞ்சு எதுக்கு நைனா?"

"உன் பாட்டு உள்ள பூந்துகினா வெளிய போவாதுடா."

ஒத்திகையில் பாட்டு பிசிறில்லாமல் வந்தது. சாலவாக்கம் மேடையிலோ நாலாவது வரியிலேயே கவிழ்ந்தது. என் கிட்டார் முன்னால் ஓட, தாசுவின் பாங்கோஸ் பின்னால் நொண்டியது.

"இன்னாடா ஆச்சு?" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"மில்லு இல்லடா!" என்றான், அழாக்குறையாக.

அப்போதுதான் உறைத்தது. பன்னிரண்டு நாளும் எங்களுக்குத் தாளம் போட்டது மில்லின் பெல்ட். 'புஸ் தக், புஸ் தக்' என்ற அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் வாசித்திருக்கிறோம். சாலவாக்கத்துக்கு மில்லை மட்டும் கூட்டிவர மறந்துவிட்டோம்.

விசில் கிளம்பியது. முன்வரிசையில் ஒருவர் சட்டைப்பையில் பேனா தேடினார். வியர்த்த விரலில் கம்பி வழுக்கியது.

திடீரென்று மைக்கில், 'புஸ் தக், புஸ் தக்.'

திரும்பினேன். ஒத்திகையில் போலவே மேடையிலும் காதில் பஞ்சு இருக்க, பெட்டிக்காரர் பெட்டிக்குக் காற்றடிக்கும் ஓட்டைத் துருத்தியை மட்டும் இழுத்து இழுத்து அறைந்துகொண்டிருந்தார். சொன்ன சொல் தவறாமல் ஒரு கட்டையையும் தொடவில்லை. ஆனால் வேகம் அப்படியே மில்லின் வேகம். பெல்ட்டில் ஒட்டுப் போட்ட இடம் எட்டு தட்டுக்கு ஒருமுறை இடறும். இசைத்தட்டின் கீறலை விடாத மனிதர் அந்த இடறலையும் விடவில்லை!

தாசு தாளத்தைப் பிடித்துக்கொண்டான். நான் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துச் சீட்டு வந்தது. கைமாறிக் கைமாறி மேடைக்கு ஏறியது. பெட்டிக்காரர் சும்மா இருந்த கையால் வாங்கினார், பிரித்தார், படித்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அதை நாலாக மடித்து வாயில் போட்டு, வெற்றிலையோடு சேர்த்து மென்றார். துருத்தி நிற்கவில்லை.

மேடையை விட்டு இறங்கியதும் கேட்டேன். "சீட்டுல இன்னா நைனா எழுதியிருந்துச்சு?"

"காதுல பஞ்சு கீதுடா. ஒண்ணும் கேக்கல" என்றுவிட்டு நடந்தார்.

அடுத்த பாட்டுக்கு மெட்டுப் போட்டபோது, வேறு எந்த வாத்தியமும் நுழையாமல், துருத்திக்கென்று எட்டு தட்டு இடம் காலியாக விட்டுவைத்தேன்.