பதினொரு கைப்பிடிகள்

சமையலறையின் புதிய அலமாரிகளுக்குப் பித்தளைக் கைப்பிடி என்று ஒப்பந்தத்தின் ஏழாவது ஷரத்தில் தெளிவாக எழுதியிருந்தது. தச்சர் பொருத்தியிருந்ததோ எஃகுக் கைப்பிடி. அதுவும் ஒன்றல்ல, பதினொன்று.

வீட்டுக்காரர் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒப்பந்தங்களைத் தட்டச்சு செய்பவர். அலுவலகத்தில் அவருக்கு ‘ஷரத்து’ என்றே பெயர். பால்காரரிடமும் எழுதி வாங்கிக்கொண்டுதான் பால் வாங்குவார். சமையலறை வேலை தொடங்கிய அன்றே அவருடைய மனைவி, தூசி ஒத்துக்கொள்ளாது என்று தம் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். வேலை முடிந்த மறுநாள் வந்துவிடுவதாக வாக்கு. வேலை முடிய வேண்டிய நாள் பதினைந்து. அன்றைய தேதி ஒன்பது. எட்டு நாளாக ரொட்டியும் வாழைப்பழமும் தின்று ஷரத்துவின் நாக்கு செத்துப் போயிருந்தது. அதைவிடப் பெரிய குறை, மாலையில் ஒப்பந்தங்களை எடுத்து விளக்க ஆள் இல்லை.

“இது சிறு மீறல்,” என்றார் தச்சரிடம். “சிறு மீறல்னா ஒப்பந்தம் செத்துப்போகாது. வேலை நடக்கணும். குறையை மட்டும் சரிபண்ணித் தரணும்.”

தச்சர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்துப் பார்த்து, தலையாட்டினார். ஷரத்துவுக்கு மனம் குளிர்ந்தது. தாம் எழுதிய ஒப்பந்தத்தைப் பையிலேயே வைத்திருக்கும் ஆளை அவர் அதுவரை கண்டதில்லை.

“நியாயம்தான் சார். கழட்டிடுறேன்.”

பதினொன்றையும் அப்போதே கழற்றிவிட்டார். பித்தளை வந்து சேர ஐந்து நாள் ஆகுமாம். அன்றிலிருந்து ஷரத்து காப்பித் தூள் எடுக்கக் கரண்டிக் காம்பால் கதவை நெம்பினார். மூலையில் உட்கார்ந்து பலகை தேய்த்துக்கொண்டிருந்த பாலிஷ்காரப் பெரியவர் இதையெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி தேய்க்கத் தொடங்கினார்.

மறுநாள் தச்சர் பழைய அடுப்பு மேடையைப் பெயர்த்து, குழாய்த் தொட்டியைத் தூக்கித் தாழ்வாரத்தில் வைத்தார். பிறகு மீண்டும் தாளைப் பார்த்தார். பல் பிடுங்கப் போவதாகவும், பதினாலு, பதினைந்து இரண்டு நாளும் வர இயலாது என்றும் சொன்னார்.

ஷரத்துவின் முகம் மலர்ந்தது. நாள் வருவதற்கு முன்பே ‘செய்ய மாட்டேன்’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் அது முன்கூட்டிய மீறல். இருபத்திரண்டு ஆண்டுகளில் ஆயிரம் முறை தட்டச்சு செய்திருக்கிறார். நேரில் பார்ப்பது இதுவே முதல் முறை. அந்த நாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உடனே ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். அன்று மாலையே நோட்டீஸ் தயாரானது.

தச்சர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வாங்கிக்கொண்டார். வாங்கிய கையோடு சுத்தியலைப் பைக்குள் போட்டார். தொட்டி தாழ்வாரத்திலேயே நின்றது. குளியலறையில் தட்டுக் கழுவும் வாழ்க்கை தொடங்கியது.

மறுநாள் ஷரத்து வேறொரு தச்சரை அழைத்துவந்தார். அவர் கைப்பிடியில்லாத கதவுகளையும் பெயர்த்துப் போட்ட மேடையையும் சுற்றிப் பார்த்தார். ஒருத்தர் அறுத்த மரத்தில் இன்னொருத்தர் கை வைக்க மாட்டார் என்று சொல்லி, காப்பி கேட்டார். காப்பித் தூள் கதவு அன்றைக்கென்று நெம்பியும் திறக்கவில்லை. அவர் போய்விட்டார்.

செய்தி முதல் தச்சருக்கு எட்டியது. பன்னிரண்டாம் தேதி காலை வீங்கிய கன்னத்தோடு வந்தார்.

“பல்லு நேத்தே பிடுங்கியாச்சு சார். நான் வேலைக்குத் தயார். நீங்கதான் வேற ஆளைக் கூட்டிட்டு வந்துட்டீங்க.”

ஷரத்து பதறிப்போய் அலுவலகத்துக்கு ஓடினார். அவருடைய முதலாளியான வழக்கறிஞர் அம்மையார் நோட்டீஸைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

“ரெண்டு நாள் வரமாட்டேன்னுதானே சொன்னார்? வேலையே செய்யமாட்டேன்னு சொல்லலியே. அது தாமதம், சிறு மீறல். நீங்க ஆளையே மாத்தினீங்க பாருங்க, அதுதான் அடிப்படை மீறல். இத்தனை வருஷமா டைப் அடிக்கிறீங்களே, ஒருநாளாவது படிச்சீங்களா?”

குற்றவாளி தாமே என்று அறிந்ததும் ஷரத்து தளர்ந்துபோனார். மனைவியிடம் என்ன சொல்வது? வீடு திரும்பி, தச்சர் முன் முதன்முறையாக எழுதாமல் பேசினார். எந்தத் தேதி கேட்டாலும் தருவதாகவும், எஃகுக் கைப்பிடியே போதும் என்றும், மனைவி வீடு திரும்பினால் சரி என்றும் சொன்னார்.

தச்சருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. தாளைப் பார்த்தார். “முப்பதாம் தேதி வச்சுக்கலாமா சார்?”

புதிய தேதி போட்டு இருவரும் கையெழுத்திட்டார்கள். ஷரத்து தொலைபேசியில் மனைவியை அழைத்து, தட்டுத் தடுமாறி விவரம் சொன்னார். திட்டு விழும் என்று காத்திருந்தார்.

“பரவாயில்லைங்க. வேலை நிதானமா நடக்கட்டும்,” என்றார் மனைவி. பின்னணியில் யாரோ வயிறு குலுங்கச் சிரிக்கும் ஒலி.

இப்படியொரு பொறுமைசாலி மனைவி யாருக்கு வாய்ப்பாள் என்று ஷரத்து உருகி, கண்ணைத் துடைத்தபடி பாலிஷ்காரப் பெரியவரிடம் புதிய தேதியைத் தெரிவித்தார்.

பெரியவர் பலகை தேய்ப்பதை நிறுத்தினார்.

“அதென்ன சார் புதுசு? அம்மா முதல் நாளே தச்சருக்கு முப்பதுன்னுதானே தாள்ல எழுதிக் கொடுத்தாங்க. ஒருநாள் முன்னாடி முடிச்சாலும் ஒப்பந்த மீறல்னு கையெழுத்துகூட வாங்கிட்டுத்தான் அண்ணன் வீட்டுக்குப் போனாங்க.”