இரு கரண்டிக் கோழி

திண்டுக்கல்லில் உணவுத் திருவிழா நடக்கப்போவதாக அறிவித்துவிட்டார்கள். திருவிழா என்றால் படிவம் உண்டு. படிவம் என்றால் ஏழாவது கட்டம் உண்டு. அந்த ஏழாவது கட்டத்தில், 'உணவின் தன்மை: இனிப்பு / காரம். பொருந்தாததை அடிக்கவும்' என்று போட்டிருந்தது. பேகம்பூர் சர்புன்னிசா எதையுமே அடிக்கவில்லை. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அவள் வைக்க நினைத்த பண்டம் அப்படி. கோழித் தொடையைப் பூண்டு, சோயா சாஸ், மிளகு, தேன் எல்லாம் போட்டு ஊறவைத்து ஓவனில் சுடுவாள். பிரியாணி ஊரில் அதைத் தின்று பார்த்தவர்கள் மொத்தம் ஆறு பேர். ஆறு பேரும் சொந்தக்காரர்கள். அவர்களும் பண்டத்தின் பெயரை அவள் இங்கிலீஷில் நீட்டிச் சொன்ன பிறகுதான் மரியாதையாகத் தின்றார்கள். திருவிழாவில் ஒரு கடை கிடைத்தால்தான் வெளி மனிதர் வாய்க்கு அது போய்ச் சேரும், நாலு கல்யாண ஆர்டர் வரும்.

அரங்கு ஒதுக்கும் அலுவலர் நாச்சிமுத்து ஒட்டன்சத்திரத்துக்காரர். படிவத்தைக் கண்ணாடிக்கு மேலாக ஒரு தரம், உள்ளாக ஒரு தரம் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, ஒண்ணையும் அடிக்கலீங்களே?"

"ரெண்டும் பொருந்துது சார். இனிப்பும் இருக்கு, காரமும் இருக்கு."

"இனிப்பு அரங்கு கிழக்கால, கார அரங்கு மேற்கால. உங்க கோழி எந்தப் பக்கமுங்க நிக்கும்?"

"எங்க சார் நிக்கும்? தட்டுல படுத்துத்தான் கிடக்கும்."

இப்படிப் பதில் சொன்னால் கோப்பு நகருமா? மேற்படி பொருளின் சுவையைத் தீர்மானிக்க மூவர் குழு அமைக்கப்பட்டது. சர்புன்னிசா சுடச்சுட ஒரு தட்டு நிறைய மாதிரி கொண்டுவந்து வைத்தாள்.

முதல் உறுப்பினர் ஒரு துண்டு தின்று 'இனிப்பு' என்று எழுதினார். இரண்டாமவர் இரண்டு துண்டு தின்று 'காரம்' என்று எழுதினார். மூன்றாமவரான கண்காணிப்பாளர் கண்ணுசாமி நாலு துண்டு தின்று, எலும்பையும் உறிஞ்சிவிட்டு, பேனாவை மூடிவைத்தார்.

"எனக்குச் சர்க்கரை இருக்கும்மா. இனிப்புன்னு கையெழுத்துப் போட்டா வீட்டுல கொன்னுருவாக. காரம்னும் போட ஏலாது, அல்சர்."

"அப்ப எதுக்கு சார் நாலு துண்டு?"

"கடமைம்மா."

இறுதியில் ஆணை வெளியானது: 'மேற்படி கோழியானது கிழக்குப் பாதியில் இனிப்பாகவும் மேற்குப் பாதியில் காரமாகவும் கருதப்பட வேண்டும். இரு அரங்குகளுக்கும் நடுவே, இரு பலகைகளுடன், இரு கரண்டிகளால், ஒன்றோடொன்று கலவாமல் பரிமாறப்பட வேண்டும்.'

கடை கிடைத்ததே பெரிது என்று சர்புன்னிசா இரண்டு பலகையும் இரண்டு கரண்டியும் வாங்கிவந்தாள். ஒரே தட்டு, ஒரே கோழி. இந்தப் பக்கம் 'இனிப்பு' பலகை, அந்தப் பக்கம் 'காரம்' பலகை.

கடையில் ஒட்டியிருந்த ஆணையைப் படித்துவிட்டு, "இவங்களுக்கெல்லாம் மூளையே கிடையாதா?" என்று சிரிக்காத ஆள் இல்லை. சிரித்து முடித்து, எந்த வரிசையில் நிற்பது என்று யோசித்து, நின்றார்கள்.

"அக்கா, இனிப்பு தெவிட்டுது. அந்தப் பக்கத்துல ஒண்ணு மாத்திக் குடுங்க," என்றாள் வேடசந்தூர் மில்லில் வேலை செய்யும் ஒரு பெண். சர்புன்னிசா கரண்டியை மாற்றி, அதே தட்டிலிருந்து எடுத்துப் போட்டாள்.

"ஆங்! இப்பத்தான் நாக்குல உறைக்குது!"

நிலக்கோட்டைப் பூ வியாபாரி முத்துச்சாமி மூன்றாம் முறையாகக் கார வரிசையில் நின்றார். "இனிக்கிற கோழியை மனுசன் திம்பானாக்கும்?" என்றார். அவர் மீசையில் தேன் மினுமினுத்தது.

மத்தியானம் கூட்டம் முட்டித் தள்ளியது. கைகொடுக்க வந்த அவள் வீட்டுக்காரர் நூர் முகமது, அவசரத்தில் அகப்பட்ட கரண்டியை எடுத்து மேற்குப் பக்கத்தில் விட்டார். சர்புன்னிசா பதறிப்போய் அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"யா அல்லாஹ், அது இனிப்புக் கரண்டிங்க! காரத்துல விட்டா ருசி கெட்டுப்போயிராதா?"