கம்பெனி பொம்மை

“மேடம், இது சில்லுனு கீது மேடம்!” ஷோபனா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“பொம்மை பின்ன சுடுமா? மூச்சு இல்ல, நாடி இல்ல. அடுத்து இன்னா செய்யணும்? செய்!” என்றார் அருணா மேடம்.

செய்துதான் ஆகவேண்டும். பொம்மையை நோயாளியாக வைத்து உயிர் காக்கச் சொல்லும் இந்தப் பரீட்சையில் ஷோபனா இரண்டு முறை கோட்டை விட்டிருந்தாள். இன்றும் தவறினால் நர்சிங் படிப்புக்கே முழுக்குப் போட்டுவிட்டு, சொந்த ஊர் படவேட்டில் போய்க் கரும்புச் சோகை உரிக்க வேண்டியதுதான்.

பரீட்சைக்கென்று ஜவ்வாது மலை ஆஸ்பத்திரி ஒன்றில் அறை கேட்டு வாங்கியிருந்தார்கள். வந்த நேரம் கரண்ட் போய்விட்டது. ஜன்னல் வழியே பனி நுழைந்து கட்டிலைச் சுற்றிக்கொண்டது. புதிதாக வாங்கிய பொம்மையை மேடமும் இன்றுதான் பார்க்கிறார்.

ஷோபனா அதன் மார்பில் இரு கைகளையும் வைத்து அழுத்தினாள். உள்ளே ‘மளுக்’ என்றது.

“ஐயோ, ஒடச்சிட்டேன் மேடம்!”

“எலும்பு ஒடையற சத்தம்கூட வெச்சிருக்கான் பாரு, கம்பெனிக்காரன்! நிறுத்தாத.”

அழுத்த அழுத்த அதன் வாய் திறந்துகொண்டது. பற்களில் வெற்றிலைக் கறை. ஷோபனா மூச்சு ஊட்டும் காற்றுப் பையை அதன் முகத்தில் வைத்து அமுக்கினாள். பதிலுக்குப் புகையிலை வாடை குப்பென்று வந்தது. பயத்தில் பையைக் கீழே போட்டுவிட்டாள்.

“மார்க் போச்சு,” என்றார் மேடம்.

“மேடம், இதுக்குக் காதுல முடி மொளச்சிக்கீது!”

“இன்னொரு மார்க்கும் போச்சு. பேஷண்ட்ட ‘இது’ன்னு சொல்லுவியா?”

ஷோபனாவுக்கு அழுகை முட்டியது. அழுதுகொண்டே அழுத்தினாள். “ஐயா, கண்ணத் தொறங்கய்யா... நீங்க எழுந்தாதான் நான் பாஸு!”

அந்தக் கை மெல்ல எழும்பி அவள் மணிக்கட்டைப் பிடித்தது. கண்கள் திறந்தன.

“கொஞ்சம் தண்ணி குடும்மா.”

ஷோபனா கையை உதறிப் பார்த்தாள்; பிடி விடவில்லை. மேடமோ கை தட்டினார். “கரண்ட் இல்லாட்டியும் பேட்டரியிலயே பேசுது பாரு! நீ பாஸுடி!”

வார்டு ஆயா மங்கம்மாள் கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

“மேடம், உங்க பொம்மை எதுர் ரூம்ல இருக்குதுங்க. கொஞ்சம் நவுருங்க, காலைல செத்துப்போன சின்னதம்பிய எடுத்துனு போவ சொந்தக்காரங்க வந்துட்டாங்க.”