சொந்தப் பாக்கெட்டுக்குள் அடங்கும் ஜாக்கெட்

ஜிப் தொப்புள் வரை சமர்த்தாக ஏறி வந்தது. அதற்கு மேல் ஓர் அங்குலம்கூட நகர மாட்டேன் என்று அடம் பிடித்தது.

"மூச்சை நல்லா உள்ள இழுங்க சார்," என்றார் கடைக்காரர், திரைக்கு வெளியே நின்றபடி.

வாத்தியார் இழுத்தார். பள்ளிக்கூட வாத்தியார் இல்லை, கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார். இருபத்திரண்டு வருஷமாக, ஓட்டத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வளர்த்த உடம்பு. உயரம் சுமார்தான், அகலம் தாராளம். பயம் வந்தால் அவருடைய வலது கால் தானாகப் பிரேக்கை மிதிக்கும். பயிற்சிக் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. மற்ற இடங்களில் அது இல்லை என்பது அந்தக் காலுக்கு இன்னும் தெரியாது. இப்போது அது துணி மாற்றும் அறையின் தரையை மிதித்துக்கொண்டிருந்தது.

ஜிப் சட்டென்று கழுத்து வரை ஏறிவிட்டது. இழுத்த மூச்சை வெளியே விடத்தான் வழியில்லை.

"சார், எப்படி இருக்கு?"

பதில் வரவில்லை. கடைக்காரர் திரையை விலக்கினார். வாத்தியார் கண் பிதுங்க நின்றிருந்தார். கூடாரம் வாங்க வந்த ஒருவரும் கடைக்காரரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்து, அவரை அந்த ஜாக்கெட்டிலிருந்து மீட்டார்கள்.

"இதைவிடப் பெரிசு இருக்கா?" என்றார் வாத்தியார், மூச்சு திரும்பியதும்.

"இதான் சார் இருக்கறதுலயே பெரிசு. வேற எந்தக் கடைக்குப் போனாலும் இதேதான். மலை ஏறுறவன் எல்லாம் ஒல்லிக்குச்சின்னு கம்பெனிக்காரன் முடிவு பண்ணிட்டான். போன வாரம்கூட ஒருத்தர் வந்தார். கிட்டத்தட்ட உங்க சைஸுக்குத்தான் கேட்டார். எங்கயுமே கிடைக்காதுன்னு சொன்னேன். என் கையைப் பிடிச்சுக் குலுக்கிட்டுப் போறார். மனுஷங்க எப்படியெல்லாம் இருக்காங்க பாருங்க."

வாத்தியாருக்கு அடுத்தவர் கதை கேட்கும் நிலைமை இல்லை. அவருடைய மகளின் கல்யாணமே இந்த ஜிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் பேச்சு முடிக்கப் போன இடத்தில் வந்த வினை இது. மாப்பிள்ளைப் பையன் தங்கமானவன். மகளோடு ஒரே அலுவலகத்தில் வேலை. ஆனால் அப்பா பேச்சுதான் அவனுக்கு வேதவாக்கு. அந்த அப்பாவோ, பனிமலைக்கு முன்னால் தடியூன்றி நிற்கும் தன் புகைப்படத்தை ஆளுயரத்துக்கு மாட்டி, அதற்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

"மலைன்னா பயப்படுறவனை நான் பக்கத்துலயே சேர்க்கறதில்ல," என்றார் சம்பந்தி.

வாத்தியாருக்குப் பகீரென்றது. பல்பு மாற்ற முக்காலியில் ஏறினாலே தலை சுற்றும் மனிதர் அவர். மேம்பாலத்தில் பாடம் எடுக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். தங்கள் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை என்று மாணவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

"நானும் வருஷத்துக்கு ஒரு தடவை ஏறிடுவேன்," என்று சொல்லிவிட்டார். கால் சம்பந்தி வீட்டுத் தரைவிரிப்பை அழுத்தி மிதித்தது.

பையன் துள்ளிக் குதித்தான். "அப்போ ரெண்டு பேரும் சேர்ந்தே போங்களேன்பா."

சம்பந்தி தன் புகைப்படத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுந்து வந்து வாத்தியாரைக் கட்டிப்பிடித்தார். அந்தப் பிடி வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாகவே இருந்தது.

ஒரு வாரம் கழித்துச் சம்பந்தியிடமிருந்து போன் வந்தது. "சார், மலைக்கு நாள் பார்த்தாச்சு. ஆனா ஒரே ஒரு கண்டிஷன். உள்ள பஞ்சு வச்ச குளிர் ஜாக்கெட் வேணும். ஜிப் கழுத்து வரைக்கும் ஏறணும். மடிச்சா அதோட சொந்தப் பாக்கெட்டுக்குள்ளயே அடங்கணும். அது இல்லாத ஆளை நான் மேல கூட்டிட்டுப் போக மாட்டேன். உங்களுக்குக் கிடைக்கலைன்னா தயங்காம சொல்லிடுங்க. தப்பாவே நினைக்க மாட்டேன்."

கடைசியில் சொன்ன அந்த ஒரு வரிதான் வாத்தியாரைப் பயமுறுத்தியது. தப்பாக நினைக்கப் போகிறவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள்.

"அது இல்லாம மலையா சார்? என்கிட்ட ஏற்கெனவே இருக்கே," என்றார்.

மறுமுனையில் சம்பந்தியின் குரல் இறங்கியது. "உங்க அளவுலயா?"

"எனக்குன்னே தைச்ச மாதிரி."

இப்படித்தான் அவர் அந்தக் கடையில் வந்து நின்றார். கடைசியில், இருந்ததிலேயே பெரிய ஜாக்கெட்டுகள் இரண்டை வாங்கிக்கொண்டு நேராகத் தையல்காரரிடம் போனார். ஒன்று நீலம், இன்னொன்று ஆரஞ்சு. வேறு நிறம் கையிருப்பில் இல்லை.

தையல்காரர் இரண்டையும் புரட்டிப் பார்த்தார். "ரெண்டை ஒண்ணாக்கணும், அவ்வளவுதானே. விடுங்க."

மூன்றாம் நாள் ஜாக்கெட் வந்தது. நடுவில் நீலம், இரண்டு விலாவிலும் ஆரஞ்சுப் பட்டை. ஜிப் சிரமமில்லாமல் கழுத்து வரை ஏறியது. வாத்தியார் பல நாளுக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு வந்து ஜாக்கெட்டை மடித்தார்.

அது பாக்கெட்டுக்குள் பாதிதான் போனது. மகள் அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள். மனைவியும் உட்கார்ந்தாள். எழுந்ததும் ஜாக்கெட் புஸ்ஸென்று பழையபடி உப்பிக்கொண்டது.

"ஒரு மெத்தையைப் போய்ப் பாக்கெட்ல வைக்கச் சொல்றாரே அந்த மனுஷன்," என்றாள் மனைவி.

மறுபடியும் தையல்காரர். "பாக்கெட்டைப் பெரிசாக்கினா தீர்ந்தது," என்றார். பெரிதாக்கினார். ஜாக்கெட் கச்சிதமாக உள்ளே போனது. ஆனால் போட்டுக்கொண்டால் ஜிப் சேரவில்லை.

"ஏன்யா சேரல?"

"பாக்கெட்டுக்குத் துணி வேணுமே சார். விலாவுல வச்சிருந்தோமே, அதுலருந்துதான் எடுத்தேன்."

வாத்தியாரின் கால் தையல் இயந்திரத்தின் மிதியைத் தேடிப் போய் மிதித்தது. ஊசி தையல்காரரின் கட்டைவிரலை மயிரிழையில் தவறவிட்டது. அதன் பிறகு அவர் மறுபேச்சுப் பேசாமல் விலாவுக்கு ஆரஞ்சைத் திருப்பிக் கொடுத்தார். பாக்கெட் பழையபடி சின்னதானது.

மலைக்கு இன்னும் ஒரே ஒரு நாள் இருந்தது. வாத்தியார் கூடத்தில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். வெயில் சன்னல் வழியாக முகத்தில் அடித்தது. அப்படியும் நடுங்கினார்.

"பேசாம உண்மையைச் சொல்லிடலாமாப்பா?" என்றாள் மகள்.

"சொன்னா, பொய் சொல்ற குடும்பம்னு சம்பந்தத்தையே வேண்டாம்னுடுவார்மா. நான் மலையிலருந்து விழுந்தா ஒருத்தனோட போயிடும். இது உன் வாழ்க்கை."

மனைவி கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். ஜாக்கெட்டின் முதுகைப் பிரித்து, உள்ளே இருந்த பஞ்சையெல்லாம் உருவி எடுத்துவிட்டு மறுபடியும் மூடித் தைத்தாள். வீடு முழுக்கப் பஞ்சு பறந்தது. மூவரும் மாறி மாறித் தும்மினார்கள். ஜாக்கெட் பாக்கெட்டுக்குள் போனது. ஜிப்பும் ஏறியது.

"முதுகு குளிருமேடி."

"காத்துக்கு முதுகைக் காட்டாம நில்லுங்க."

மறுநாள் காலை ஏழு மணிக்கு வாத்தியாரும் மகளும் சம்பந்தி வீட்டு வாசலில் நின்றார்கள். வேன் தயாராக இருந்தது. பையன் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். கதவைத் திறந்த சம்பந்தி, கயிறும் தடியும் பூட்ஸுமாகப் புகைப்படத்திலிருந்து இறங்கி வந்தவர் மாதிரியே இருந்தார். வாத்தியாரின் ஜாக்கெட்டைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"ஜிப்பைப் போடுங்க பார்க்கலாம்."

வாத்தியார் போட்டார். ஏறியது.

"மடிச்சுக் காட்டுங்க."

வாத்தியார் கழற்றித் தரையில் விரித்து மடித்தார். முழங்காலால் அழுத்தினார். கால் தன் பாட்டுக்குப் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. மகள் மூச்சுவிடாமல் நின்றாள். கடைசியில் ஒரு கையின் நுனி மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. அதையும் கட்டைவிரலால் உள்ளே தள்ளி மூடிவிட்டார்.

சம்பந்தி அந்தப் பொட்டலத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அமுக்கினார். மறுபடியும் வெளியே எடுத்து, முதுகுப் பக்கத்தைத் தடவினார். கை அங்கேயே நின்றது.

"இங்க பஞ்சே இல்லையே," என்றார்.

வாத்தியாருக்குக் கண் இருட்டியது. "சார், அது வந்து…"

"அதுக்கென்னப்பா?" என்றபடி பையன் வந்தான். "என்கிட்ட கம்பளிச் சட்டை ஒண்ணு கூடுதலா இருக்கு. முதுகுல கட்டி விட்டுடலாம். கிளம்புங்க, நேரமாச்சு."

சம்பந்தி வாசல் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. நீட்டிய கால்களில், பூட்ஸின் அடியில் கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு அப்படியே இருந்தது. "ஒரு நிமிஷம்," என்று முனகிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே உள்ளே போய் அறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டார்.

போச்சு. கண்டுபிடித்துவிட்டார். ஏமாற்றுக்காரன் என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூசி உள்ளே போய்விட்டார். வாத்தியார் மகளைப் பார்த்தார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

சம்பந்தியின் மனைவி தண்ணீர்ச் செம்போடு வந்தார். வாத்தியார் கையைக் கூப்பிவிட்டார்.

"தங்கச்சி, தப்பு என்னோடதுதான். இவளை அதுக்குத் தண்டிச்சிடாதீங்க. அவர்கிட்ட நீங்கதான் எடுத்துச் சொல்லணும்."

அந்த அம்மாள் தாழிட்ட கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க ஏண்ணா பயப்படறீங்க? அன்னிக்கு உங்களைக் கட்டிப்பிடிச்ச கையை அப்படியே வட்டமா வளைச்சு வச்சுக்கிட்டு, நாலு கடை ஏறி இறங்கி, இந்த அகலத்துக்கு அந்த ஜாக்கெட் எங்கயுமே கிடைக்காதுன்னு உறுதி பண்ணிக்கிட்டப்புறம்தானே அவர் உங்களை மலைக்கே கூப்பிட்டார்."